25 வயசுக்குள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்: பெண்களிடம் எப்படிக் கேட்பது?

களப்பணி_விழுப்புரம் கேட்டது:

வணக்கம். முனைவர் பட்டத்துக்காக விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களில் களப்பணி தொடங்கியிருக்கிறேன். 25 வயது முடிவதற்குள் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களின் வாழ்க்கைதான் என் தலைப்பு.

எதற்கு இந்தத் தலைப்பு என்றால், தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) சொல்வதைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் ஆபரேஷன் ஆனவர்கள். இந்தியா முழுக்க எடுத்தால் 37.9. ஆண்கள் செய்துகொள்வது இந்தியா முழுக்க 0.3 சதவீதம். அதற்கு முந்தைய சுற்றில் (2015-16) தமிழ்நாட்டுக் கணக்கு 49.4 ஆக இருந்தது. குழந்தைப் பிறப்பு எப்போதோ குறைந்துவிட்ட மாநிலம் இது. பெண்கள் பள்ளி, கல்லூரி போகிறார்கள், கையில் போன் இருக்கிறது. இருந்தும் ஆபரேஷன் குறையவில்லை, கூடியிருக்கிறது. எனக்கு இது விளங்கவில்லை, விளங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

ஆனால் ஊருக்குள் போனால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "ரெண்டு பொறந்துடுச்சு, பண்ணிக்கிட்டேன்." அவ்வளவுதான். கருத்தடைக்கு ஏதாவது பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டால் "ஒண்ணும் இல்லீங்க" என்கிறார்கள். நாலு கேள்வி தள்ளி, ஆபரேஷன் ஆன விஷயம் தானாக வருகிறது.

போன வாரம் ஒரு பெண். 24 வயது, இரண்டு பெண் குழந்தைகள். ஆபரேஷன் பற்றிக் கேட்டதும் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். ரேஷன் கார்டு, ஆதார் நகல்களுக்கு நடுவில் லேமினேட் செய்த ஆபரேஷன் சான்றிதழ். "பொம்பளப் புள்ளைங்க பணத்துக்கு இது வேணும், பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். அன்றைக்கு என்ன நடந்தது, யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "வலியில இருந்தேன்கா, ஒண்ணும் நெனவில்ல." அதற்குப் பிறகு நான் கேட்ட எல்லாவற்றுக்கும் மாமியார்தான் பதில் சொன்னார்.

என் கேள்வித்தாள் சரியில்லையா, நான் கேட்கும் விதம் சரியில்லையா? இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள், ஆய்வு செய்தவர்கள், இதை அனுபவித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற_கிராம_செவிலியர் (பெரம்பலூர்):

நல்ல வேலை எடுத்திருக்கீங்கம்மா. சர்வீஸ் முழுக்க துணை சுகாதார நிலையத்துலதான் இருந்தேன். நீங்க சொல்ற அந்த ஒத்த வரிப் பதிலை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அது பொய் இல்ல. ஆனா அது கதவு. உள்ளே போறதுக்கு வேற பக்கமா வரணும்.

முதல்ல "ஏன் பண்ணிக்கிட்டீங்க"ங்கிற கேள்வியை எடுத்துடுங்க. ஏன்னு கேட்டா நம்ம பொண்ணுங்க நியாயம் சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க. எப்போ, எந்த ஆஸ்பத்திரி, கூட யார் இருந்தா, அன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க, தையல் எப்போ பிரிச்சாங்கன்னு கேளுங்க. நடந்தது தானா வரும். கல்யாணத்துல இருந்து ஆரம்பிச்சு வரிசையா வாங்க. கல்யாணம் ஆகி எத்தனை மாசத்துல முதல் குழந்தை உண்டாச்சு, அப்போ தள்ளிப் போடணும்னு நெனச்சாங்களா, நெனச்சிருந்தா யார்கிட்ட சொல்ல முடிஞ்சிருக்கும்? உங்க ஆராய்ச்சிக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம்னு நான் சொல்லுவேன்.

இப்போ ஆபரேஷன் முடிவு எங்கே எடுக்கிறாங்கன்னு பாருங்க. தமிழ்நாட்டுல வீட்டுப் பிரசவமே இல்லைன்னு ஆகிப்போச்சு, எல்லாம் ஆஸ்பத்திரிதான். பாதிக்குக் கொஞ்சம் கம்மியா சிசேரியன். சிசேரியனா இருந்தா வயித்தைத் தொறந்த கையோட கருக்குழாயையும் கட்டிடுவாங்க. சுகப்பிரசவமா இருந்தா ஒரு வாரத்துக்குள்ள தொப்புளுக்குக் கீழ சின்னதா கிழிச்சு முடிச்சுடுவாங்க. நாங்க பி.எஸ்.னு சொல்லுவோம். வசதிதான், இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம், பிள்ளைங்களை யாரு பார்த்துக்குவான்னு கவலை இல்ல. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா முடிவு எடுக்கிற நேரத்தைப் பாருங்க. பிரசவ வார்டு வாசல்ல, வலி எடுத்து நிக்கிறப்போ, புருஷன் வெளியில, மாமியார் கையில ஃபிளாஸ்க். அந்த நேரத்துல சம்மதப் படிவத்தை நீட்டினா எந்தப் பொண்ணும் கையெழுத்துப் போடும். "நெனவில்ல"ன்னு உங்க பொண்ணு சொன்னது உண்மைதான்மா.

அதனால அஞ்சாம் மாசம், ஏழாம் மாசம் செக்கப்புக்குப் போனப்போ யாராவது இதைப் பத்திப் பேசினாங்களான்னு கேளுங்க. அந்தப் பேச்சு நடந்திருந்தா அது தெரிஞ்சு எடுத்த முடிவு. நடக்கலைன்னா கதை வேற.

அடுத்தது அந்த மஞ்சள் பை. முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் 1992ல வந்தது. ஒரே பொண்ணுன்னா 50,000, ரெண்டு பொண்ணுன்னா ஆளுக்கு 25,000 ரூபாய் டெபாசிட். ஆண் குழந்தை இருக்கக் கூடாது, அப்பா அம்மால ஒருத்தர் கருத்தடை ஆபரேஷன் பண்ணியிருக்கணும். பொண்ணைக் கொல்லக் கூடாது, பாரமா நெனைக்கக் கூடாதுன்னு கொண்டு வந்த நல்ல திட்டம். ஆனா விண்ணப்பிக்கிறதுக்குக் குழந்தையோட வயசு வரம்பு இருக்கு, அதனால ரெண்டாவது பொண்ணு பொறந்த உடனே ஆபரேஷன். அப்பா பண்ணிக்கிட்டாலும் பணம் உண்டு. எங்க பக்கத்துல யாரும் அப்படிப் பண்ணி நான் பார்த்ததில்ல. ரெண்டு பொண்ணு உள்ள வீடு, ரெண்டு பையன் உள்ள வீடு, ஒண்ணு ஒண்ணு உள்ள வீடுன்னு பிரிச்சுக் கேளுங்க. கதை மூணும் வேற வேறயா இருக்கும்.

மாமியாரை வில்லியாக்கிடாதீங்க. இன்னிக்கு 50, 55 வயசுல இருக்கிற மாமியார்களுக்கே எங்க காலத்து முகாம்லதான் ஆபரேஷன் ஆச்சு. அப்போ எல்லாருக்கும் இலக்கு. மார்ச் மாசம் வந்தா எங்களுக்குத் தூக்கம் போயிடும். எத்தனை கேஸ்னு மீட்டிங்ல எழுப்பி நிக்க வச்சுக் கேப்பாங்க. 1996 ஏப்ரல்ல மத்திய அரசு அந்த இலக்கை எடுத்தது. ஆனா அந்த அம்மாக்கள் மனசுல "ரெண்டு, ஆபரேஷன், முடிஞ்சுது"ன்னு பதிஞ்சது பதிஞ்சதுதான். அவங்க அத்தைமார் ஏழு எட்டு பெத்து, அதுல ரெண்டு மூணைக் குழியில போட்டதை அவங்க கண்ணால பார்த்தவங்க. மருமகளை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறது அவங்களைப் பொறுத்தவரைக்கும் பாசம். அவங்களைத் தனியா உக்கார வச்சு அவங்க கதையைக் கேளுங்க, உங்க ஆராய்ச்சியில பாதி அங்கே இருக்கு.

ஊருக்குள்ள நர்ஸ் கூட மட்டும் போகாதீங்க. எங்க கூட வந்தா எங்ககிட்ட சொல்ற பதிலைத்தான் உங்களுக்கும் சொல்லுவாங்க. மாமியார் நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிற நேரமாப் பார்த்துப் போங்க.

ஆபரேஷனுக்குப் பிறகு என்ன ஆச்சுன்னும் கேளுங்க. இடுப்பு வலி, வெள்ளைப்படுதல், தீட்டு ஒழுங்கா வராதது எல்லாத்தையும் ஆபரேஷன் மேல போடுவாங்க. எல்லாம் அதனால இல்ல. ஆனா அதைச் சொல்லி 30 வயசுலயே கர்ப்பப்பையை எடுத்துட்டு வந்தவங்களை எனக்குத் தெரியும். பிறகு நிம்மதியையும் கேளுங்க. "இனிமே பயம் இல்ல"ன்னு சொல்ற பொண்ணுங்க நிறைய. தள்ளிப் போச்சோன்னு மாசாமாசம் விரல் மடிச்சு எண்ணிட்டு இருந்தவங்க. அந்த நிம்மதி உண்மையானது. ஆபரேஷன் தப்புன்னு தீர்ப்பு எழுதிக்கிட்டு ஊருக்குள்ள போனீங்கன்னா இது உங்க காதுல விழாது. 24 வயசுப் பொண்ணுக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுவா இருக்கிறதுதான் எனக்குப் பொறுக்கல.

---

மக்கள்தொகையியல்_மாணவன் (மும்பை):

செவிலியர் அம்மா எழுதியதை அச்செடுத்து மேசையில் ஒட்டி வைக்கலாம். தரவு பக்கத்திலிருந்து சில விஷயங்கள் சொல்கிறேன்.

ஆபரேஷன் செய்துகொள்ளும் இடைநிலை வயது இந்தியா முழுக்க நான்காம் சுற்றில் 25.7. அதாவது ஆபரேஷன் ஆனவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்த வயதுக்கு முன்பே முடித்துவிட்டவர்கள். எனவே உங்கள் தலைப்பு ஓரத்தில் இருக்கும் சிலரைப் பற்றியது அல்ல. நடுவில் இருப்பவர்களைப் பற்றியது.

தேசிய ஆய்விலேயே உங்களுக்கு உதவும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பக்க விளைவுகளைப் பற்றிச் சொன்னார்களா, பக்க விளைவு வந்தால் என்ன செய்வது என்று சொன்னார்களா, வேறு முறைகள் இருப்பதைச் சொன்னார்களா. இவற்றை அதே வார்த்தைகளில் உங்கள் தாளில் சேருங்கள். பின்னால் மாநிலக் கணக்கோடு ஒப்பிட முடியும். ஆனால் 'ஆம்/இல்லை'யோடு நிறுத்த வேண்டாம். 'ஆம்' என்றால் என்ன சொன்னார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

"ஒன்றும் பயன்படுத்தவில்லை" என்ற பதில் எல்லா நாட்டுக் களப்பணியிலும் வருவதுதான். ஆபரேஷன் அவர்களுக்குப் 'பயன்படுத்தும்' பொருள் அல்ல, முடிந்துபோன சம்பவம். அதனால்தான் பெரிய ஆய்வுகளில் ஒவ்வொரு முறையையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி, விளக்கிக் கேட்கிறார்கள்.

அடுத்தது, ஆபரேஷன் ஆனவர்களை மட்டும் பார்த்தால் பாதிப் படம்தான் கிடைக்கும். அதே ஊரில், அதே வயதில், இரண்டு குழந்தை பெற்று ஆபரேஷன் செய்துகொள்ளாத பெண்களையும் சேருங்கள். அவர்கள் எப்படித் தப்பினார்கள், அல்லது எதற்குக் காத்திருக்கிறார்கள் என்பதில்தான் முடிவு எடுக்கும் விதம் தெரியும்.

இந்தியாவுக்கு வெளியேயும் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்தது வங்கதேசத்தின் மத்லப். சாந்த்பூர் பக்கம் ஆற்றோரக் கிராமங்கள். 1975ல் வீடு வீடாக மாத்திரையும் ஆணுறையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முதலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள், பிறகு தேய்ந்துவிட்டது. 1977ல் திட்டத்தை மாற்றினார்கள். அந்தந்த ஊரிலேயே படித்த, மணமான இளம்பெண்களை வேலைக்கு எடுத்து, மாத்திரை, ஊசி, கர்ப்பப்பையில் வைக்கும் லூப், ஆணுறை, ஆபரேஷன் என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு அனுப்பினார்கள். ஒரு முறை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்த தடவை வேறு முறை. தலைசுற்றுகிறது, உதிரம் அதிகம் போகிறது என்றால் கேட்க ஆள் இருந்தது. பக்கத்திலேயே இந்தச் சேவை இல்லாத பகுதியை ஒப்பீட்டுக்கு வைத்திருந்தார்கள். சேவை கிடைத்த பகுதியில் பயன்பாடு சட்டென்று ஏறியது, ஏறியது நிலைத்தது. பிறப்பும் ஒப்பீட்டுப் பகுதியைவிடக் குறைந்தது. பர்தா முறை இருந்த, பெரும்பாலான பெண்கள் எழுதப் படிக்கத் தெரியாத கிராமங்கள் அவை. அந்தப் பெண்களுக்கு விருப்பம் இருந்தது, வாசலுக்கு வந்து கேட்க ஆள்தான் இல்லாமல் இருந்தது. இன்றைக்கும் அந்த நாட்டில் அதிகம் பயன்படுவது மாத்திரை. குழந்தை எண்ணிக்கையில் கிட்டத்தட்ட நாம் வந்த இடத்துக்கே வந்திருக்கிறார்கள், வேறு வழியில்.

நம் கதை ஆபரேஷன் வழியிலேயே போனது. 1952ல் உலகிலேயே முதலில் அரசுத் திட்டமாகக் குடும்பக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்த நாடு நாம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ல் மட்டும், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள். பெரும்பாலும் ஆண்களுக்கு. அந்தக் கோபம் தேர்தலில் வெடித்த பிறகு எந்த அரசும் ஆண்கள் பக்கம் அழுத்திப் போகவில்லை. பாரம் முழுக்கப் பெண்கள் மேல் வந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே நாளில், ஒரே மருத்துவர், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். 13 பேர் இறந்தார்கள். 2016ல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், முகாம் போட்டு ஆபரேஷன் செய்வதை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. உங்கள் முன்னுரையில் இந்தத் தீர்ப்பு கட்டாயம் இருக்க வேண்டும்.

வருத்தம் பற்றிக் கேட்கும்போது வயதைப் பாருங்கள். அமெரிக்காவில் பல ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து பார்த்த கிரெஸ்ட் ஆய்வில், 30 அல்லது அதற்குக் குறைந்த வயதில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர், 14 ஆண்டுக்குள் வருத்தம் சொன்னார்கள். 30க்கு மேல் செய்துகொண்டவர்களில் 6 சதவீதம்தான். நம் ஊரில் அப்படியே இருக்கும் என்று சொல்லவில்லை. சூழல் வேறு. ஆனால் சின்ன வயதில் எடுக்கும் முடிவுக்குப் பின்னால் நீண்ட வாழ்க்கை இருக்கிறது, அதில் எதுவும் நடக்கலாம்.

---

கடலோரம் (நாகப்பட்டினம்):

மேல உள்ளவர் "எதுவும் நடக்கலாம்"னு எழுதியிருக்கார். எங்க ஊர்ல நடந்துச்சு.

2004 சுனாமியில நாகை மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போனாங்க. அதுல குழந்தைங்க எத்தனைன்னு எங்க ஊர்க்காரங்களுக்கு எண்ணிச் சொல்ல வேண்டியதில்ல. எங்க சித்திக்கு ரெண்டு பையன். சின்னவன் பொறந்தப்பவே ஆபரேஷன் ஆயிடுச்சு, அப்போ சித்திக்கு 22, 23 இருக்கும். அலை வந்த அன்னிக்கு ரெண்டு பேரும் கரையில விளையாடிட்டு இருந்தாங்க.

கொஞ்ச நாள் கழிச்சு, பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மாமாருக்கு மறுபடி குழாயைச் சேர்க்கிற ஆபரேஷனை இலவசமா செஞ்சு தர்றதா அரசாங்கம் அறிவிச்சுச்சு. அதுவரைக்கும் அப்படி ஒண்ணு இருக்குன்னே எங்க தெருவுல யாருக்கும் தெரியாது. நிறைய பேருக்கு அதுக்கு முன்னாடி இருந்த நெனப்பே வேற. கட்டினதை அவிழ்த்துவிட்டா மறுபடி பொறக்கும்னு இருந்தாங்க. டாக்டர் முதல்ல கேட்டது, முன்னாடி பண்ணின ஆபரேஷன் வளையம் போட்டதா, வெட்டிக் கட்டினதான்னு. சித்திக்குத் தெரியல. ஆஸ்பத்திரியில கொடுத்த சீட்டும் வீட்டோட போயிடுச்சு. தொறந்து பார்த்தப்போதான் குழாய் கொஞ்சம்தான் மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சது. சேர்த்தாங்க. தங்கல. பக்கத்துத் தெருவுல ரெண்டு பேருக்கு அதே ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தை பொறந்தது, அந்தப் பிள்ளைங்க இப்போ பெரிய பிள்ளைங்க.

எதுக்குச் சொல்றேன்னா, அக்கா, உங்க கேள்வித்தாள்ல "இது நிரந்தரம்னு சொன்னாங்களா"ன்னு ஒரு கேள்வி வையுங்க. என்ன மாதிரி ஆபரேஷன்னு சொன்னாங்களான்னும் வையுங்க. பிள்ளையைப் பறிகொடுத்த பொம்பளைகிட்ட "வருத்தப்படுறீங்களா"ன்னு பேப்பரைப் பார்த்துக் கேக்காதீங்க. அன்னிக்கு வேற எந்த வீட்டுக்கும் போக வேண்டாம்னு முடிவு பண்ணிக்கிட்டு, பேனாவை உள்ளே வச்சுட்டு உக்காருங்க.

---

பனியன்_ஊர்:

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். தலைப்பைப் பார்த்துட்டு உள்ளே வந்தேன். என் மனைவிக்கு 23, ரெண்டாவது எட்டாம் மாசம். மூத்தவளுக்கு ரெண்டரை வயசு. ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு சொல்றாங்க, அவளுக்குப் பயமா இருக்கு, இன்னும் கொஞ்ச வருஷம் போகட்டும்ங்கிறா. நான் பண்ணிக்கிறேன்னு சொன்னேன், எங்கம்மா அழுதுட்டாங்க. பாரம் தூக்க முடியாது, நைட் ஷிப்ட் பார்க்க முடியாதுன்னு. நர்ஸம்மா, அது நிஜமா?

---

ஓய்வுபெற்ற_கிராம_செவிலியர்:

நிஜம் இல்லப்பா. தழும்பில்லா வாசெக்டமின்னு சொல்லுவாங்க. சின்னத் துளை, தையல் கிடையாது, அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். பொம்பளைக்கு வயித்தைத் திறந்து பண்றதைவிட ரொம்ப எளிசு. ரெண்டு மூணு நாள் ஓய்வு எடுத்துட்டு வேலைக்குப் போகலாம், பாரம் தூக்குறதை மட்டும் ஒரு வாரம் தள்ளி வையுங்க, ஆண்மைக்கும் பலத்துக்கும் ஒரு குறையும் வராது. ஒண்ணு மட்டும் நெனவு வச்சுக்கோங்க, பண்ணின உடனே பலன் இல்ல. மூணு மாசம் நிரோத் பயன்படுத்தணும், பிறகு விந்து டெஸ்ட் பண்ணி விந்தணு இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் விடணும். இதுவும் நிரந்தரம்தான், ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க.

உங்க மனைவி கொஞ்ச வருஷம் போகட்டும்னா அவங்க சொல்றதுதான் சரி. காப்பர் டி இருக்கு, ஒரு வகை 10 வருஷம், இன்னொண்ணு 5 வருஷம், வேண்டாம்னா எடுத்துடலாம். பிரசவம் ஆன உடனேயும் போடலாம். ஆனா "எனக்குச் சொல்லிட்டுப் போடுங்க"ன்னு முன்கூட்டியே சொல்லி வையுங்க. போட்டதே தெரியாம ரத்தப்போக்குன்னு வந்த பொண்ணுங்களை நான் பார்த்திருக்கேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுற அந்தரா ஊசி இருக்கு, பால் கொடுக்கிறவங்க ஆறு வாரம் கழிச்சுப் போட்டுக்கலாம். தீட்டு முன்னபின்ன ஆகும், சில பேருக்கு வராமயே இருக்கும், பயப்பட வேண்டாம். நிறுத்தின பிறகு மறுபடி உண்டாகக் கொஞ்சம் மாசம் ஆகும். சாயா மாத்திரை இருக்கு, நம்ம லக்னோ ஆராய்ச்சி நிலையத்துல கண்டுபிடிச்சது, ஹார்மோன் இல்ல. முதல் மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு, பிறகு வாரத்துக்கு ஒண்ணு. எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில இலவசம்.

பொம்பளைங்க ஆபரேஷனுக்கு அரசு விதிப்படி 22 வயசு தாண்டியிருக்கணும், ஒரு குழந்தைக்காவது ஒரு வயசு தாண்டியிருக்கணும். புருஷன் கையெழுத்து தேவையில்ல, அவங்க சம்மதம்தான் கணக்கு. வேண்டாம்னு சொல்லவும் அவங்களுக்கு உரிமை உண்டு. "இப்போ வேண்டாம், ஊசி போட்டுக்கிறேன்"னு அடுத்த செக்கப்பிலேயே சொல்லச் சொல்லுங்க. நீங்களும் கூடப் போங்க. உங்கம்மாவை என்கிட்ட அனுப்புங்க, நான் பேசுறேன்.

---

களப்பணி_விழுப்புரம்:

எல்லாருக்கும் நன்றி. கடலோரம் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

கேள்வித்தாளை மாற்றி எழுதுகிறேன். "ஏன்" இல்லை. கல்யாணத்திலிருந்து ஆண்டு வரிசை. ஆபரேஷன் ஆகாதவர்களையும் சேர்க்கிறேன். கணவர்களிடமும் தனியாகப் பேச ஓர் ஆண் களப்பணியாளரைத் தேடுகிறேன்.

இன்னொரு சிக்கல். தாய் சேய் அட்டையில் இருக்கும் வயதும் அவர்கள் சொல்லும் வயதும் ஒத்துப்போவதில்லை. அட்டையில் 25 என்றால் பேச்சில் 23 வருகிறது. எதை எடுத்துக்கொள்வது?

---

ஓய்வுபெற்ற_கிராம_செவிலியர்:

பேச்சுல வர்றதுதான் பெரும்பாலும் சரி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கு 19 வயசு ஆகியிருக்கணும். 18 ஆகலைன்னா கல்யாணமே குத்தம். அதனால பதியும்போதே வீட்டுல வயசைக் கூட்டிச் சொல்லிடுவாங்க. பத்தாவது எந்த வருஷம் எழுதினீங்க, வயசுக்கு வந்து எத்தனை வருஷம் கழிச்சுக் கல்யாணம்னு கேட்டா உண்மையான வயசு வந்துடும்.

---

மக்கள்தொகையியல்_மாணவன்:

அம்மா சொன்ன வழி சரிதான். ஆனால் அதைச் செய்வதற்கு முன் ஒன்று. அப்படிக் கணக்குப் போட்டால் சில பெண்களுக்கு 17 வயதில் முதல் குழந்தை பிறந்தது உங்களுக்குத் தெரியவரும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் தகவல் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பது தண்டனைக்குரியது. 2022 செப்டம்பர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று சலுகை கொடுத்தது. அது மருத்துவர்களுக்கு. ஆய்வாளர்களுக்கு இல்லை.

நீங்கள் பேசும் பெண்ணின் கணவர் சிறைக்குப் போவதற்கு உங்கள் நோட்டு காரணமாகக் கூடாது. சட்டத்தை மறைத்து அவரைப் பேச வைப்பதும் கூடாது. எனவே களத்துக்குப் போவதற்கு முன்பே பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு வழக்கறிஞரையும் பாருங்கள். என் யோசனை, திருமண வயதைத் துல்லியமாகக் கேட்காமல், ஆபரேஷன் சமயத்தில் 25க்குக் கீழா மேலா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளும்படி கேள்வியை அமைக்கலாம். உங்கள் தலைப்புக்கு அது போதும். எதைச் சொன்னால் நான் வெளியே சொல்ல வேண்டிவரும் என்பதைப் பேச்சைத் தொடங்கும் முன்பே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

---

களப்பணி_விழுப்புரம்:

இதை என் வழிகாட்டியும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நெறிமுறைக் குழுவுக்கு எழுதுகிறேன். பதில் வரும்வரை ஆபரேஷன் ஆகாத பெண்களின் பட்டியலைத் தயார் செய்கிறேன், பேட்டி எதுவும் எடுக்கவில்லை. புதிய கேள்வித்தாள் முடிந்ததும் இதே இடத்தில் போடுகிறேன். அம்மா, நீங்கள் ஒரு தடவை படித்து, எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற_கிராம_செவிலியர்:

போடுங்கம்மா, படிக்கிறேன். பனியன் ஊர்க்காரர் அடுத்த செக்கப் முடிஞ்சதும் என்ன சொன்னாங்கன்னு இங்கேயே எழுதுங்க.